சிவப்பு நாசில்

அந்தப் பெட்டியை மேலே வைக்காதீர்கள், நண்பரே. கருமத்தம்பட்டி வேகத்தடையில் யார் தலையிலாவது விழும். மடியிலேயே இருக்கட்டும். கனமாக இருந்தால் என் பக்கம் பாதி சாய்த்துக்கொள்ளுங்கள். நான் பாரம் சுமந்து பழகியவன்.

பிரஷர் வாஷர். நூற்று முப்பது பார் அழுத்தம். உள்ளே தண்ணீர் பீய்ச்சும் முனை, அதாவது நாசில், ஐந்து. அடியில் பொடி எழுத்தில், குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும், ஆட்களின் மேல் பீய்ச்ச வேண்டாம். என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? எழுபத்தேழு வயது எனக்கு. கண்ணாடி கிடையாது. இது அச்சகத்தில் புரூப் பார்த்த கண். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் இங்கிருந்தே உறுத்தும். இங்கிலீஷ் நானாகப் படித்தது. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மீதியெல்லாம் பிரசுரங்கள்.

சார் என்று கூப்பிடவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். மில் மேனேஜரையே நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. தோழர் என்று கூப்பிட உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நண்பரே என்பது நடுவில் இருக்கிறது.

சரி. எந்த நாசில் போடப் போகிறீர்கள்? மொட்டைமாடிப் பாசிக்கு என்றால், ஐந்தில் எது? கடைக்காரர் சொல்லவில்லையா? சொல்ல மாட்டார். நான் சொல்கிறேன். இந்த விஷயத்தில் கோயம்புத்தூர் ஜில்லாவில் என்னைவிட அனுபவப்பட்டவர் இருக்க முடியாது. வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பிடித்தேன். போதும்.

திருப்பூர் வரைக்கும் போகிறீர்கள் அல்லவா? நான் பூண்டியில் இறங்கிவிடுவேன். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

எங்கள் பகுதியில் ஒரு தூண் இருக்கிறது. கோயம்புத்தூருக்குக் கிழக்கே, மில் தொழிலாளிகளுக்குக் கொடுத்த லைன் வீடுகள் இருந்த இடம். மில்லின் பெயர் வேண்டாம். இப்போது அங்கே ஏ.சி. கல்யாண மண்டபம் நிற்கிறது. ஆயிரத்து நூற்று நாற்பது பேர் மூன்று ஷிப்ட் பார்த்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் ஐஸ்கிரீம் தின்கிறார்கள். மண்டபத்து வாசலுக்கு எதிரே ரோட்டோரம் எட்டடித் தூண். தியாகிகள் தூண். நாங்களே கட்டியது. மணலை நொய்யலிலிருந்து சைக்கிளில் சாக்குச் சாக்காகக் கொண்டுவந்தோம். மணலுக்குக் குறைவில்லை. சிமெண்ட்தான் இல்லை. சர்க்கார் பெர்மிட் இருந்தால்தான் கிடைக்கும் காலம் அது. ஒரு பங்கு சிமெண்டுக்கு எட்டுப் பங்கு மணல் போட்டோம். பூசின கொத்தனார், இது நிற்காதுங்க என்றார். கொள்கை நிற்கும், நீங்கள் பூசுங்கள் என்றேன். பூச்சு ஈரமாக இருக்கும்போதே கரண்டி முனையால் பெயர்களை எழுதினேன். நானேதான். குழந்தைவேல், மாராக்காள், லூர்துசாமி, சென்னியப்பன், அய்யாவு.

எழுதியது ஐந்து பெயர். மறு வருஷத்திலிருந்து இருந்தது நான்கு. அதற்கு வருகிறேன்.

எழுபத்தொன்பதாம் வருஷம், அறுபத்து மூன்று நாள் வேலைநிறுத்தம். எண்பத்து நாலு பேரை வெளியே தள்ளியிருந்தார்கள். நான் சங்கச் செயலாளர். அறுபத்து மூன்று நாளும் மில் கேட்டிலேயே கிடந்தேன், ஒரே ஒரு நாள் காலை தவிர. வீட்டுக்குப் போகவில்லை. சாப்பாடு யாராவது கொண்டுவருவார்கள். கடைசி மூன்று வாரமும் ஒரு பெரிய தூக்குப்போசியில் ராகிக் களியும் கொள்ளுப் பருப்பும் தினம் தவறாமல் வந்தது. யார் வீட்டிலிருந்து வருகிறது என்று நான் கேட்டதில்லை. தலைமை சோற்றைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தால் அது தலைமை இல்லை, மெஸ். ஒரு நாள் பருப்பில் உப்புக் குறைவாக இருந்தது. சொல்லி அனுப்பினேன். மறுநாள் சரியாக இருந்தது. அமைப்பு என்றால் அது.

நாற்பதாம் நாள் நிர்வாகம் இறங்கி வந்தது. எண்பத்து நாலு பேரில் பாதிப் பேரை எடுத்துக்கொள்கிறோம் என்றது. சவரிமுத்து என்று ஒருவர். அப்போது துணைச் செயலாளர், இன்றைக்குச் செயலாளர். ஒப்புக்கொள்ளலாம் என்றார். நாற்பத்திரண்டு பேர் உள்ளே போகட்டும், மீதிப் பேருக்கு உள்ளே இருந்துகொண்டே கேட்கலாம், ஜனம் பட்டினி கிடக்கிறது என்றார். அன்றைக்கே ஒரு துண்டறிக்கை எழுதினேன். 'பாதி நியாயம் முழு அநியாயம்.' அதுதான் தலைப்பு. எழுத்துக் கோக்கும்போது கம்பாசிட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஈயத் தூசி விழுந்துவிட்டது என்றார். அவருடைய அடக்கம் அது.

அறுபத்து மூன்றாம் நாள் காலை. வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த லாரி நிற்கவில்லை. கேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் ஏறிப் போயிற்று. ஐந்து பேர் செத்துப்போனார்கள். சவரிமுத்துவுக்கு இடது கால் போயிற்று. நான் அப்போது அச்சகத்தில் இருந்தேன். அன்றைய நோட்டீஸில் ஒரு வரி இடம் மாறி விழுந்திருந்தது. அதைத் திருத்தாமல் எப்படி வர முடியும்? இதை வைத்து என்னைச் சிலர் பேசினார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட வாழ்நாளில் ஒரு நோட்டீஸ் எழுதியவர் இல்லை.

அதற்கப்புறம் போராட்டம் முடிந்தது. தோற்றது என்று வரலாறு எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். போராட்டம் தோற்கவில்லை. ஆட்கள் குறைந்துவிட்டார்கள்.

இப்போது அந்த நான்காம் பெயர். தூண் கட்டிய மறு வருஷம் கோர்ட்டில் நிர்வாகம் ஒரு பட்டியல் கொடுத்தது. வேலைக்குத் திரும்பச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டவர்கள், இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நூற்று எண்பத்தாறாவது, சென்னியப்பன், ஸ்பின்னிங் பிரிவு. தேதி, லாரி வந்ததற்கு முதல் நாள்.

யோசித்துப் பாருங்கள். முதல் நாள் கையெழுத்துப் போட்டவர் மறுநாள் காலை கேட்டில் எதற்கு இருந்தார்? உள்ளே போகத்தான். ஆதாரமும் இருந்தது. லாரிச் சக்கரத்தடியில் என்னென்ன கிடந்தது என்று போலீஸ்காரர்கள் எழுதின மகஜரை நானே வாசித்தேன். செருப்பு ஒன்பது. துண்டு நான்கு. நசுங்கிய பித்தளைத் தூக்குப்போசி ஒன்று, ஐந்தாறு பேர் சாப்பிடும் அளவு பெரியது, சென்னியப்பன் கையிலேயே இருந்தது. மறியலில் உட்கார வருகிறவன் போசி தூக்கிக்கொண்டு வருவானா? ஷிப்டுக்குப் போகிறவன்தான் கொண்டுபோவான். கருங்காலி. எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

கமிட்டியைக் கூட்டினேன். சவரிமுத்து ஆஸ்பத்திரியில் இருந்தார், காலில் மூன்றாவது ஆபரேஷன். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏகமனதாக என்று மினிட் புத்தகத்தில் எழுதினேன். அன்று சாயங்காலமே நானே கரண்டி எடுத்தேன். இந்தத் தடவை நல்ல சிமெண்ட். ஒன்றுக்கு இரண்டு. என் காலத்தில் விழக்கூடாது என்று அழுத்திப் பூசினேன். பிறகு வந்து சவரிமுத்து என்னவோ சொன்னார், சென்னியப்பன் தன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார் என்று. மருந்து மயக்கத்தில் நாற்பது நாள் கிடந்தவர். தீர்மானம் பதிவாகிவிட்டது என்றேன்.

சென்னியப்பனுக்கு ஒரு மனைவி. பாவாத்தாள் என்று பெயர். அப்போது இருபத்திரண்டு, மூன்று வயது இருக்கும். பூசின வாரமே வந்து நின்றாள். ஒரு போட்டோ இல்லை, குழிமேடு இல்லை, அவர் இருந்தார் என்று காட்ட அந்தப் பெயர் ஒன்றுதான் இருக்கிறது, திருப்பி எழுதிவிடுங்கள் என்றாள். நான் அவளை விரட்டவில்லை. வர்க்கத் துரோகம் என்றால் என்ன என்று எட்டுப் பக்கத்தில் ஒரு பிரசுரம் இருந்தது, அதில் ஒரு பிரதி கொடுத்து அனுப்பினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று பிறகுதான் தெரிந்தது.

வருஷா வருஷம் பிப்ரவரி பத்தொன்பது, தியாகிகள் தினத்தன்று வருவாள். கூட்டம் கலைந்த பிறகு தூணுக்கு அருகில் போய், நான் பூசின இடத்தில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். போய்விடுவாள். நாற்பத்து நாலு வருஷம். நாங்கள் தடுத்ததில்லை. மனிதாபிமானம் எங்களுக்கும் உண்டு.

கருமத்தம்பட்டி வந்துவிட்டது. பெட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

போன தியாகிகள் தினத்துக்கு முந்தின வாரம். தூணைப் பார்க்கச் சகிக்கவில்லை. பாதி உயரத்துக்குப் பாசி. மேலே புறா எச்சம். அதன் மேல் பத்து வருஷத்துச் சுண்ணாம்பு. அதன் மேல் சினிமாக்காரன், கோச்சிங் சென்டர்காரன், மூலம் பௌத்திரம் வைத்தியர், எல்லாரும் ஒட்டின போஸ்டர். சவரிமுத்து என்ன செய்யலாம் என்றார் தெரியுமா? மேலே இன்னொரு கோட் சுண்ணாம்பு அடித்துவிடலாம் என்றார். அழுக்கை மூடி வைப்பது. நாற்பது வருஷமாக அவருடைய அரசியலே அதுதான். நான் எழுந்து பேசினேன். மூடாதே, கழுவு என்றேன். மூன்று பேர் கை தட்டினார்கள். கமிட்டியில் மொத்தமே ஏழு பேர்தான்.

ஜாபர் என்று வாட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். லாரி, டிராக்டர் எல்லாம் கழுவுவார். அவருடைய அப்பா எங்கள் மில்லில் பஞ்சு சீவும் கார்டிங் பிரிவு. காசு வேண்டாம் தோழரே, நானே வந்து கழுவித் தருகிறேன் என்று மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். தியாகிகள் தினத்துக்கு முதல் நாள், மத்தியானம் மூன்று மணி. நானே கழுவுகிறேன் என்றேன். எழுதினவன் நான். வேறொருவர் கழுவுவது முறையில்லை.

அதன் கைப்பிடியைக் கன் என்றார் ஜாபர். துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கம்தான் நான் நின்றிருக்கிறேன். பிடித்ததில்லை. ஆனால் கைக்குப் பழக்கமானது போல உட்கார்ந்தது.

பிறகு ஒரு துண்டை விரித்து நாசில்களை வரிசையாக வைத்தார். விரல் நீளம்கூட இல்லை. ஒவ்வொன்றும் ஒரு நிறம். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை, கறுப்பு.

நான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கறுப்பு, மரியாதைக்குரிய வேறொரு இயக்கத்தின் நிறம், ஆனால் அது சோப்பு நுரைக்கு மட்டும் என்றார். வெள்ளை, சரணாகதி. பச்சையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, தேர்தலுக்குத் தேர்தல் பார்க்கிறீர்கள். மஞ்சள், முதலாளி கையாள் சங்கத்துக்கு நாங்கள் வைத்த பெயரே மஞ்சள் சங்கம். மிச்சம் என்ன இருக்கிறது? நான் கையை நீட்டினேன்.

ஜாபர் துண்டை என் பக்கமிருந்து நகர்த்தினார்.

"அது வேண்டாமுங்க தோழரே. செவப்ப நானே தொடறதில்ல. டிராக்டர் மட்கார்டுல காஞ்ச களிமண்ணு பேர்றதுக்கு எடுப்பேன், அதுக்கே பெயிண்டு வந்துருது. போன வருசம் கால்ல பட்டுத் தோலு உரிஞ்சு போச்சு. பழைய செவுத்துக்கு வெள்ளைதானுங்க."

"நிறத்தை எதற்கு மாற்றி மாற்றி வைத்தான் அப்புறம்?"

"அவன் கட்சி பாத்து வெக்கலீங்க. கோணம் பாத்து வெச்சிருக்கான்."

விளக்கினார். தண்ணீர் ஒன்றுதான், மோட்டார் ஒன்றுதான், அழுத்தம் ஒன்றுதான். நாசில் வாயைப் பொறுத்து அது விரியும். வெள்ளை நாற்பது டிகிரி விரிந்து விசிறி மாதிரி விழும், அதனால் மென்மை. பச்சை இருபத்தைந்து. மஞ்சள் பதினைந்து. விரிவு குறையக் குறையக் கடி அதிகம்.

"சிவப்பு?" என்றேன்.

"பூஜ்யம்."

பூஜ்யம், நண்பரே. விரிவு கிடையாது, நேர்கோடு. வலப்பக்கம் சாயாது, இடப்பக்கமும் சாயாது. நாற்பத்தைந்து வருஷம் கமிட்டியில் நான் தொண்டை கிழியக் கத்தியது இதைத்தான். அதை எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன் பித்தளையில் செய்து சிவப்பு வளையம் போட்டு விற்கிறான். சக்தியை விரித்தால் விசிறி, குவித்தால் ஆயுதம். இதை நான் ஜாபருக்கு விளக்கிச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். சரிங்க, முதலில் ஒரு மூலையில் அடித்துப் பாருங்கள், நாலடி தள்ளி நில்லுங்கள் என்றார். மூலையில் ஆரம்பிப்பது என் வழக்கமில்லை. நேராக உச்சியில் ஆரம்பித்தேன். தூரம் ஒரு முழம்.

மோட்டார் சத்தம் இருக்கிறதே, அதில் ஒன்றும் கேட்காது. தண்ணீர் திருப்பி அடித்ததில் கண் தெரியவில்லை. ஆனால் கழன்று விழுவது காலில் தெரிந்தது. போஸ்டர் கூழ் விழுந்தது. சுண்ணாம்பு தகடு தகடாக விழுந்தது. பிறகு பொடியாக என்னவோ விழுந்தது, சாம்பல் நிறத்தில், மணல் மாதிரி. எவ்வளவு அழுக்கு சேர்ந்திருக்கிறது பாருங்கள் என்று நினைத்தேன். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, ஒரு இடம் விடவில்லை. பின்னால் ஜாபர் என்னவோ கத்தினார். பின்னாலிருந்து கத்துகிறவர்களுக்காக நான் எப்போது நின்றிருக்கிறேன்?

ஒரு பெரிய துண்டு மட்டும் முழுசாக வந்து என் கால் பக்கத்தில் விழுந்தது. தோசைக் கல்லிலிருந்து தோசையை எடுத்த மாதிரி, ஒரு சேதமும் இல்லாமல். அப்போதுதான் ஜாபர் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார்.

தண்ணீர் சொட்டுகிற சத்தம். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன்.

தூண் சுத்தமாக இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. பாசி இல்லை, போஸ்டர் இல்லை, சுண்ணாம்பு இல்லை. பூச்சும் இல்லை. செங்கல் தெரிந்தது. குழந்தைவேல் இல்லை. மாராக்காள் இல்லை. லூர்துசாமி இல்லை. அய்யாவு இல்லை. நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் பழைய பூச்சு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஒரே பெயர், இன்று காலையில் எழுதின மாதிரி. ஒரு கொம்பு, ஒரு சுழி மழுங்கவில்லை. என் கையெழுத்துதான். முப்பத்திரண்டு வயதில் எனக்கு நல்ல கையெழுத்து.

ஜாபர் விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டு விளக்கினார். மற்ற இடமெல்லாம் மணல் பூச்சு, நாற்பத்தைந்து வருஷம் வெயிலும் மழையும் பட்டு உளுத்துப்போயிருக்கிறது. இந்த இடத்தை மட்டும் யாரோ முதல் தரமான சிமெண்ட் போட்டு மூடிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், கீழே சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை என்றார். யார் அந்தக் கொத்தனார், நல்ல கை என்றார். அவருக்கு விவரம் தெரியாது. அப்போது அவர் பிறந்திருக்கவில்லை.

மோட்டார் சத்தம் கேட்டு மிச்சமிருக்கும் லைன் வீட்டுப் பக்கமிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். பாவாத்தாளும் வந்தாள். அறுபத்தேழு, அறுபத்தெட்டு இருக்கும் இப்போது. அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று சொன்னேன் அல்லவா. யாரிடமும் கேட்கவில்லை. நேராகப் போய் ஒவ்வொரு எழுத்துக் குழிக்குள்ளும் விரலை விட்டுப் பார்த்தாள். கடைசி எழுத்து வரைக்கும் போனாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். பிரசுரம் கொடுத்தனுப்பிய நாளிலிருந்து அவள் என்னிடம் பேசியதில்லை.

"ஏனுங்க, கொள்ளுப் பருப்புல உப்புக் கம்மீன்னு ஒருக்கா சொல்லியுட்டீங்களே, நெனப்பிருக்குதுங்களா?"

நான் கையிலிருந்த கைப்பிடியை ஜாபரிடம் கொடுத்தேன்.

"அடுத்த நாள் ஒரு கல்லு கூடப் போட்டேன். செரியா இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னு வந்து சொன்னாரு. ரொம்ப சந்தோசம் அவருக்கு."

ஜாபர் துண்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நாசில்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் போட்டார். ஒரு மனிதர் நாசில் எண்ணுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்?

"மேஸ்திரி வாசப்படியில வந்து உக்காந்துட்டானுங்க. கையெழுத்துப் போடாட்டி இன்னைக்கே லைன் வீட்டக் காலி பண்ணுன்னான். எனக்கு எட்டு மாசம். போட்டுக் குடுத்தாரு. குடுத்துட்டு விடிஞ்சு போசியத் தூக்கிட்டு எங்க வந்தாருங்க? உங்களுக்குக் களி ஆறிப்போயிரும்னு வேகமா வந்தாரு."

"ஆவணத்தில் தேதி இருக்கிறது" என்றேன்.

"இருக்கட்டுங்க" என்றாள்.

குனிந்து என் கால் பக்கம் கிடந்த துண்டை எடுத்தாள். நான் பூசின துண்டு. அதன் உட்புறத்தில் அந்தப் பெயர் புடைப்பாக, இடம் வலம் மாறி, முழுசாகப் பதிந்திருந்தது. அச்சுக்கு வார்த்த எழுத்து மாதிரி. முந்தானையில் வைத்துக் கட்டிக்கொண்டாள். கனம்தான், ஐந்து கிலோ இருக்கும். ஜாபர் நான் கொண்டுவருகிறேன் என்று கை நீட்டினார். கொடுக்கவில்லை.

மறுநாள் தியாகிகள் தினம். வேறு தூணுக்கு எங்கே போவது? செங்கல் தெரிகிற தூணில் ஒரே ஒரு பெயருக்கு முன்னால் எல்லாரும் மாலை வைத்தார்கள். அந்தப் பெயருக்கு. வீரவணக்கம் சொன்னார்கள். சவரிமுத்து கட்டைக் காலை ஊன்றிக்கொண்டு இரண்டு நிமிஷம் பேசினார். வழக்கமாக நாற்பது நிமிஷம் பேசுகிறவர். என்னைப் பேசக் கூப்பிடவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவை. பாவாத்தாள் வந்திருந்தாள். கூட்டம் கலையும்வரை காத்திருக்காமல், முன்வரிசையிலேயே, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் கமிட்டி. என்மேல் நடவடிக்கை என்றுதான் எதிர்பார்த்தேன். பதில் தயாராக வைத்திருந்தேன், பன்னிரண்டு பக்கம். நாசில் தவறில்லை, பூச்சின் பலவீனமே காரணம், பலவீனமான பூச்சுக்குக் காரணம் அன்றைய சிமெண்ட் கொள்கை என்று நிரூபித்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. தூணில் புதிதாகக் கருங்கல் பலகை பதிப்பது, பெயர்களை உளி கொண்டு வெட்டுவது, பெயர்ப் பட்டியலைத் தோழர் நஞ்சப்பன், அதாவது நான், என் கைப்பட எழுதிக் கல் வேலைக்காரரிடம் கொடுப்பது. இது தீர்மானம். எல்லாரும் கை தூக்கினார்கள்.

எத்தனை பெயர் என்று கேட்டேன். விதிமுறைப்படி கேட்கத்தானே வேண்டும்?

"எழுதுனது நீங்க, மூடுனது நீங்க, தொறந்ததும் நீங்க" என்றார் சவரிமுத்து. "எத்தனைன்னு நீங்களே எழுதிக் குடுங்க தோழர். என்ன எழுதுனாலும் நாங்க ஒத்துக்கறோம். ஆனா ஒண்ணு. இந்தத் தடவ நான் ஆஸ்பத்திரியில இல்ல."

சூழ்ச்சி. புரிகிறதா? தண்டனை கொடுத்தால் எதிர்த்து ஒரு அறிக்கை எழுதலாம். பொறுப்பைக் கொடுத்தால் என்ன எழுதுவது?

பூண்டியில் கல் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் போகிறேன். இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. திங்கட்கிழமை போனபோது அவர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருக்கலாம்தான், எனக்கு வேறு வேலை இருந்தது. புதன்கிழமை அவர் இருந்தார். பட்டறையில் பிள்ளையார்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பலகையைக்கூடக் காட்டினார், நல்ல கல், இழைத்து வைத்திருந்தார். பட்டியல் எங்கே என்றார். எடுத்துக் கொடுத்தேன். நான்குதான் இருக்கிறது, ஐந்து வரிக்கு அளவெடுத்துக் கோடு போடச் சொன்னார்களே உங்கள் செயலாளர் என்றார். அப்படியா, சரிபார்த்துக்கொண்டு வருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் சரிபார்ப்பது என் தொழில்.

இதோ, இந்தத் தாள்தான். மடிப்புக் கசங்கியிருக்கிறது. நான்கு பெயர். மூன்றாவதுக்கும் கடைசிப் பெயருக்கும் நடுவில் ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அழகுக்காக விட்டது.

அவிநாசி தாண்டிவிட்டோமா? அப்படியென்றால் ஐந்து நிமிஷம்தான் இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மொட்டைமாடிக்கு வெள்ளை போடுங்கள். போகாவிட்டால் பச்சை. நாலடி தள்ளி நின்று ஆரம்பியுங்கள். முதலில் யாரும் பார்க்காத மூலையில் ஒரு சாண் அடித்துப் பார்த்துவிட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு, கிட்டப் போய்ப் பாருங்கள். பின்னாலிருந்து யாராவது கத்தினால் என்னவென்று கேளுங்கள். சிவப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. அதை எழுத்துமூலமாக யாரும் என்னிடமிருந்து வாங்க முடியாது. அதைப் பெட்டியிலேயே வைத்திருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

உங்களிடம் பேனா இருக்கிறதா, நண்பரே? என்னிடமும் இருக்கிறது, ஆனால் பஸ் ஆடுகிறது. அதோடு கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன், கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

பெட்டியின் மேல் தாளை வைத்து எழுதுங்கள். அந்தக் காலி வரியில். நான் சொல்கிறேன்.

சென்னியப்பன்.